எல்லோரும் குழந்தையைப் பார்க்கும் நேரத்தில்

(செவிலியர் தினத்தையொட்டி மாவட்ட மைய நூலக வாசகர் வட்டத்தில், ஓய்வுபெற்ற பிரசவ வார்டு செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மே மாதம் 12ஆம் தேதி வந்தால் எங்களுக்கு மவுசு கூடிவிடும். மெழுகுவத்தி ஏற்றுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், வெள்ளுடை தேவதை என்பார்கள். மறுநாள் காலையில் அதே தேவதை ஒரு வார்டு முழுவதற்கும் ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருப்பாள். தேவதை என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி. தேவதைக்குச் சம்பளம் வேண்டாம், தூக்கம் வேண்டாம், துணைக்கு இன்னொரு தேவதையும் வேண்டாம். அதனால் இன்றைக்குத் தேவதையை விட்டுவிடுவோம். பிரசவ வார்டில் ஒரு நர்ஸ் மணிக்கு மணி என்ன செய்கிறாள், எதற்காகச் செய்கிறாள், செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

லேபர் வார்டு வாசலில் சொந்தக்காரர்கள் எங்கள்மேல் சொல்கிற முதல் புகார் என்ன தெரியுமா? "பொண்ணு வலியில துடிக்கிறா, இந்தம்மா சும்மா பார்த்துக்கிட்டு நிக்குது." ஐயா, எங்கள் வேலையே அதுதான். பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. எதைப் பார்க்கிறோம், எப்போது பார்க்கிறோம், பார்த்ததை வைத்து என்ன முடிவு எடுக்கிறோம் என்பதில்தான் படிப்பு, பயிற்சி, அனுபவம் எல்லாம் அடங்கியிருக்கிறது.

முதலில் வலி. தலைச்சன் பிரசவம் என்றால் அரை நாள் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். வந்திருப்பது சூட்டு வலியா, பிரசவ வலியா என்று பார்க்க நர்ஸ் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு நிற்பாள். பத்து நிமிடத்தில் எத்தனை முறை வயிறு இறுகுகிறது, ஒவ்வொரு முறையும் எத்தனை விநாடி இறுகி நிற்கிறது என்று எண்ணுவாள். பிறகு குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பாள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் சரி. அதையும் வலி வந்து அடங்கிய கையோடு, முழுதாக ஒரு நிமிடம் கேட்க வேண்டும். கர்ப்பப்பை இறுகும்போது குழந்தைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் குறைகிறது. திடமான குழந்தை அதைத் தாங்கிக்கொள்ளும். திணறுகிற குழந்தையின் துடிப்பு, வலி அடங்கிய பிறகும் மேலே ஏறாமல் கிடக்கும். வலி இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்று எழுதினால், குழந்தை சொன்ன சேதி நம் காதில் விழாமலே போய்விடும். நல்ல வலி பிடித்த பிறகு அரை மணிக்கு ஒரு முறையும், பெண் முக்கத் தொடங்கியதும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

இப்படிப் பார்த்ததை எல்லாம் ஒரு தாளில் குறிப்போம். பார்ட்டோகிராப் என்று அதற்குப் பெயர். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, பனிக்குடத்து நீர் தெளிவாக வருகிறதா பச்சையாக வருகிறதா, தாயின் நாடி, பிரஷர் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். இந்தத் தாள் பிறந்த கதை எனக்குப் பிடித்த கதை. பிரசவத்தின் வேகத்தைக் கோடாக வரைந்து காட்டியவர் அமெரிக்க மருத்துவர் ஃபிரீட்மன், அது 1950களில். அதை வேலைக்கு ஆகும் கருவியாக்கியவர்கள் பில்பாட்டும் காசிலும். அவர்கள் இருந்தது அன்றைய ரொடேசியா, இன்றைய ஜிம்பாப்வே. அங்கே ஊருக்கு ஊர் டாக்டர் கிடையாது. பிரசவம் பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்போது அனுப்புவது என்ற முடிவு அவர்கள் கையில்தான் இருந்தது. சீக்கிரம் அனுப்பினால் வீண் அலைச்சல். தாமதித்து அனுப்பினால் வழியிலேயே உயிர் போகும். 1972இல் அந்த இருவரும் அந்தக் கோட்டுப் படத்தில் இரண்டு கோடுகளைச் சேர்த்தார்கள். ஒன்றைத் தொட்டால் உஷார். அடுத்ததைத் தொட்டால் உடனே நடவடிக்கை. பிற்பாடு அது உலகமெங்கும் போனது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் திருத்தி, அந்தப் பெண் தண்ணீர் குடித்தாளா, பக்கத்தில் துணைக்கு ஆள் இருக்கிறார்களா என்பதையும் குறிக்கச் சொல்லிவிட்டது.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடந்தன. இது பெருமை. அதே கணக்கெடுப்பில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் மட்டும் எடுத்தால் 63.8. ஆபரேஷன் உயிர் காக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தப் பெண்ணுக்குக் கத்தி வேண்டும், எவளுக்கு இன்னும் இரண்டு மணி நேரப் பொறுமை போதும் என்று பிரித்துச் சொல்ல அந்தத் தாள் வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை அதை நிரப்ப ஓர் ஆள் வேண்டும். ஒரு பிரசவ மேசைக்கு ஒரு நர்ஸ் என்பது இதனால்தான். ஆள் இல்லாத இடத்தில் பொறுமையும் இருக்காது.

இனி பிரசவம். தலை தெரியத் தொடங்கியதும் வாசலில் நிற்பவர்கள் "முக்கு, முக்கு" என்று கத்துவார்கள். நர்ஸ் அப்போது எதிர்மாறாகச் சொல்வாள்: "இப்ப முக்காத கண்ணு, வாயைத் திறந்து மூச்சு விடு." ஒரு கையால் தலை திடுக்கென்று வெளியே வராமல் தாங்கிக்கொள்வாள், இன்னொரு கையால் கீழ்ச் சதை கிழியாமல் அணை கொடுப்பாள். அந்தச் சில விநாடி நிதானத்தில்தான் அந்தப் பெண் அடுத்த சில வாரங்கள் நிம்மதியாக உட்கார முடியுமா என்பது தீர்மானமாகிறது.

குழந்தை வெளியே வந்ததும் ஒரு நிமிடம். தங்க நிமிடம் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். குழந்தையைத் தாயின் வயிற்றின்மேல் கிடத்தி, துணியால் நன்றாகத் துடைப்போம். ஈரத் துணியைத் தூர எறிந்துவிட்டு உலர்ந்த துணியால் போர்த்துவோம். துடைப்பது அழகுக்காக என்று நினைக்கிறார்கள். 37 டிகிரிச் சூட்டில் இருந்த உடம்பு நனைந்தபடி வெளியே வருகிறது. ஈரம் காயக் காயச் சூடு போய்விடும். துடைக்கிற துடைப்பிலேயே பெரும்பாலான குழந்தைகள் மூச்செடுத்து அழுதுவிடும். நிறைமாதக் குழந்தைகளில் 100க்கு 85 தானாகவே மூச்சுவிடும். இன்னும் 10 துடைத்து, முதுகை நீவிவிட்டால் விடும். மிச்சம் 5 குழந்தைக்குப் பையும் முகமூடியும் வைத்துக் காற்று கொடுக்க வேண்டும். தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகில் தட்டுவது சினிமாவில் மட்டும் இருக்கட்டும். நிஜத்தில் அந்த 5 குழந்தைகளில் நம் குழந்தை இருக்குமா என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் ஒவ்வொரு பிரசவத்துக்கும் முன்னால் அந்தப் பையை எடுத்து, உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நிற்போம். பலமுறை அது தேவைப்படாது. தேவைப்படுகிற அன்றைக்கு அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

குழந்தை அழுதாயிற்று. வெளியே ஒரு ஆரவாரம். ஆணா பெண்ணா, யார் சாடை, எந்த நட்சத்திரம், எத்தனை கிலோ! மாமா ஒருவர் சாக்லெட் வாங்க ஓடுகிறார். இந்த நேரத்தைப் பற்றிச் சொல்லத்தான் நான் இன்று இங்கே வந்தேன். எல்லோரும் குழந்தையைப் பார்க்கும் இந்த நேரத்தில்தான் தாய்க்கு ஆபத்து அதிகம். ஒருத்தி மட்டும் கண்ணை எடுக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் வாய் பிளந்து நிற்கும். அவற்றைத் தைத்து மூட யாரும் இல்லை. கர்ப்பப்பையின் தசை குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கிறது. அது இறுகும்போது நடுவில் போகும் குழாய்கள் நெரிபட்டு அடைபடும். இயற்கை வைத்திருக்கும் ஏற்பாடு அதுதான். தசை இறுகாமல் தொளதொளவென்று கிடந்தால், நல்ல ஆரோக்கியமான பெண்கூடச் சில மணி நேரத்துக்குள் இறந்துபோகலாம்.

ஆகவே குழந்தை பிறந்ததும் நர்ஸின் கை மறுபடியும் வயிற்றுக்குப் போகும். உள்ளே இன்னொரு குழந்தை இல்லை என்று தடவி உறுதி செய்துகொண்டு, ஒரு நிமிடத்துக்குள் தொடையில் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போடுவாள். அந்த மருந்தைக் குளிரில் வைத்துக் காக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் வீரியம் போய்விடும். ஆக, பிரிட்ஜின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்த்து எழுதுகிற அந்த அலுப்பான வேலையும் ஒரு தாயின் உயிர் சம்பந்தப்பட்டதுதான். நஞ்சு வந்ததும் அதைத் தட்டில் விரித்து, துண்டு எதுவும் உள்ளே தங்கவில்லையே என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு இரண்டு மணி நேரம், கால் மணிக்கு ஒரு தடவை வந்து தொப்புளுக்குக் கீழே கையை வைப்பாள். கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாகக் கையில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் தேய்த்துவிடுவாள். "ஒண்ணுக்குப் போனியாம்மா?" என்று கேட்பாள். இது உபசாரக் கேள்வி இல்லை. மூத்திரப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை இறுகாது. இடுப்புக்கு அடியில் கையைச் செருகிப் பார்ப்பாள். மேலே துணி சுத்தமாக இருக்கும், ரத்தம் முதுகுப் பக்கமாகப் போய்த் தேங்கியிருக்கும். நாடியைப் பிடித்துப் பார்ப்பாள். இளவயசு உடம்பு கெட்டிக்காரத்தனமானது. நிறைய ரத்தம் போன பிறகும் பிரஷரை இறங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும். நாடிதான் முதலில் ஏறும். பிரஷர் நன்றாக இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்களை அந்த உடம்பு ஏமாற்றிவிடும்.

கண்ணும் ஏமாற்றும். எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று குத்துமதிப்பாகச் சொன்னால், அனுபவசாலிகள்கூடக் குறைத்துத்தான் சொல்வார்கள். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியா ஆகிய நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் நடந்தது. தாயின் இடுப்புக்கு அடியில் அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பை விரித்தார்கள்; வடிகிற ரத்தம் அதில் சேரும், எத்தனை மில்லி என்று கோடு சொல்லிவிடும். அளவு தாண்டியதும் கர்ப்பப்பையைத் தேய்ப்பது, அதை இறுக்கும் மருந்து, ரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் ஆசிட், குளுக்கோஸ் ஏற்றுவதுபோல நரம்பில் திரவம், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்ற பரிசோதனை, இவை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து செய்யாமல் ஒரே மூச்சில் செய்தார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. பார்ப்பதை அளந்து பார்த்தார்கள், பார்த்ததும் தாமதிக்காமல் இறங்கினார்கள்.

நம் மாநிலத்துக் கதையும் இதுவே. 2001-03இல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20இல் அது 54. அகில இந்திய அளவில் 301 என்பது 97 ஆனது. இதற்குப் பின்னால் பல கைகள் இருக்கின்றன. இரவிலும் பிரசவம் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஷிஃப்டுக்கு மூன்று நர்ஸ் போட்டது, அவசரப் பிரசவ சிகிச்சைக்கான சீமாங் மையங்கள், ரத்த வங்கி, 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ் என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. ஒரு தாய் இறந்தால் எந்த ஊர், எந்த நேரம், எங்கே தாமதம் என்று ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாக விசாரிக்கும் பழக்கம் 1990களிலேயே இங்கே வந்துவிட்டது. அந்தக் கூட்டங்களுக்குப் போக யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் எந்த மணி நேரத்தில் யார் பார்க்காமல் விட்டார்கள் என்ற கேள்வி அங்கேதான் கேட்கப்பட்டது. அது கேட்கப்பட்டதால்தான் மாற்றம் வந்தது.

அடுத்து வார்டு. இங்கே பெரிய விவகாரம் பால். "பாலே வரல சிஸ்டர், புள்ள பட்டினி கிடக்கு." முதல் நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பிறந்த குழந்தைக்கு ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி அளவே போதும். அதன் வயிறு அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஒரு பாட்டி சர்க்கரைத் தண்ணீரோடு வந்துவிடுவார். சேனை வைக்க நல்ல கை ஒன்றைத் தேடுவார்கள். தெருவில் கழுதைப்பால் சங்கு விலை பேசுவார்கள். அந்தப் பாட்டியிடம் சண்டை போட்டால் ஜெயிக்க முடியாது, நாம் அந்தப் பக்கம் போனதும் சங்கு இந்தப் பக்கம் வந்துவிடும். அவருக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். "பெரியம்மா, பொண்ணு முதுகுக்கு அந்தத் தலகாணிய வைங்க. இப்ப புள்ள வாயைப் பாருங்க. நல்லா அகலமாத் திறந்திருக்கா? கீழுதடு வெளிய மடிஞ்சிருக்கா? தாடை மார்ல ஒட்டியிருக்கா? நீங்க பார்த்துச் சொல்லுங்க." அன்று மாலைக்குள் அந்தப் பாட்டி பக்கத்துக் கட்டில்காரிக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். குழந்தை சப்பும்போது தாயின் உடம்பில் சுரப்பதும் அதே ஆக்சிடோசின்தான். நாங்கள் ஊசியில் போட்டதைக் குழந்தை தன் வாயால் வரவழைக்கிறது. கர்ப்பப்பை மேலும் இறுகுகிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடச் சொல்வதில் தாய்க்கும் லாபம் இருக்கிறது.

எடை குறைந்த குழந்தை என்றால் இன்னும் கவனம் வேண்டும். புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டுப் பார்ப்போம். வயிறு வெதுவெதுப்பாகவும் கால் ஜில்லென்றும் இருந்தால் குளிர் ஏறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு வைத்தியம் தாயின் நெஞ்சு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறை; ஒரு பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட்டு, நோய் தொற்றிக் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன. எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவிடச் சொன்னார். ஏழைக்கேற்ற ஏற்பாடு என்றுதான் உலகம் முதலில் நினைத்தது. 2021இல் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு வெளியானது. குழந்தை தேறட்டும் என்று காத்திராமல் பிறந்த உடனே நெஞ்சோடு அணைத்ததில் எடை குறைந்த குழந்தைகளின் மரணம் 25 சதவீதம் குறைந்தது. அப்பாவும் அணைக்கலாம். சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருங்கள் என்றால் நம் ஊர் அப்பாக்கள் வெட்கப்படுவார்கள். பத்து நிமிடம்தான். அப்புறம் குழந்தையைத் திருப்பிக் கேட்டால் கொடுக்க மனசு வராது அவர்களுக்கு.

பெருமையை மட்டும் பேசிவிட்டு இறங்கினால் நான் நேர்மையானவள் இல்லை. பிரசவ வார்டுகளில் கெட்ட வார்த்தை உண்டு. வலியில் கத்துகிற பெண்ணைப் பார்த்து, இங்கே சொல்லக் கூசுகிற பேச்சைப் பேசியவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். தொடையில் அடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆண் குழந்தைக்கு இவ்வளவு, பெண் குழந்தைக்கு இவ்வளவு என்று கை நீட்டும் பழக்கம் வார்டு வாசலில் இன்னும் ஒழியவில்லை. வேலைப்பளு இதற்குச் சமாதானம் ஆகாது. திட்டு வாங்கிய பெண் அதற்குப் பிறகு "தலை வலிக்குது, கண்ணு மங்கலா இருக்கு" என்று வாய் திறந்து சொல்ல மாட்டாள். பிரஷர் ஏறி ஃபிட்ஸ் வருவதற்கு முந்தின அறிகுறி அது. சொல்லியிருந்தால் மக்னீசியம் சல்பேட் போட்டுத் தடுத்திருப்போம். நாங்கள் அதட்டியதால் அவள் வாயை மூடிக்கொண்டாள் என்றால் எங்கள் கண்ணில் பாதியை நாங்களே குத்திக்கொண்டோம் என்று பொருள். செவிலியர் பயிற்சி மாணவிகளே, மரியாதையாகப் பேசுவது நல்ல குணம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அது வைத்தியத்தில் சேர்த்தி. பிரசவ நேரத்தில் கூட ஒரு பெண் துணையை வைத்துக்கொள்ள நம் அரசு ஆஸ்பத்திரிகளில் அனுமதி உண்டு. அந்தத் துணையைத் தொந்தரவு என்று விரட்டாதீர்கள். இன்னொரு ஜோடிக் கண் இலவசமாகக் கிடைக்கிறது.

முடிவாக, உங்களிடம் மூன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால், வந்தவர்களில் ஒருவராவது குழந்தையை விட்டுவிட்டுத் தாய் பக்கத்தில் உட்காருங்கள். துணி நனைந்துகொண்டே போனாலோ, தலை சுற்றுகிறது, படபடப்பாக இருக்கிறது என்று அவள் சொன்னாலோ, "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று நீங்களாகத் தீர்ப்புச் சொல்லாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். பத்துத் தடவை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். இரண்டாவது, நல்ல நாள், ராகு காலம் பார்த்து அவசரமாக டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போன பிறகும் ஆறு வாரம் கணக்கு உண்டு; காய்ச்சல், நாற்றத்தோடு போக்கு, கால் வீக்கத்தோடு வலி, காரணமில்லாத அழுகை, குழந்தைமேல் பிடிப்பில்லாமல் போவது, எல்லாமே வைத்தியம் பார்க்க வேண்டியவை. கிராம சுகாதார நர்ஸ் வீடு தேடி வரும்போது வாசலிலேயே நிறுத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள்.

மூன்றாவது, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ஆஸ்பத்திரிக்குக் கட்டடம் கேட்கிறீர்கள், ஸ்கேன் மிஷின் கேட்கிறீர்கள். கேளுங்கள், வேண்டியதுதான். கூடவே ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நம் ஊர் லேபர் வார்டில் ராத்திரி ஷிஃப்டில் எத்தனை பிரசவ மேசை, எத்தனை நர்ஸ்? பதில் சொல்லத் தெரியாமல் அவர் முழித்தால் விடாதீர்கள்; தெரிந்துகொண்டு வந்து சொல்லச் சொல்லுங்கள்.